பெட்டிக்காரண்ணே, கொஞ்சம் கீழ எறங்குங்க

நேத்து ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. அவ்வளவு கோபம்.

யார் மேலன்னா, ஒரு போன் மேல.

(சிரிக்காதீங்க. முழுசாக் கேளுங்க.)

எங்க பக்கத்துக் கோயில்ல திருவிழா. பூசை முடிஞ்சு, சாப்பாடு முடிஞ்சு, கலை நிகழ்ச்சி ஆரம்பிச்சது. எங்க அண்ணன் மக பாடுறா. பதினாலு வயசு. மூணு வாரமா குளிக்கும்போதும் அந்தப் பாட்டு, துணி மடிக்கும்போதும் அந்தப் பாட்டு. நல்ல மேல் சுருதிப் பாட்டு. பக்கவாத்தியம்னு ஒரு ஆளும் கிடையாது. போன்ல இறக்கி வச்ச ட்ராக்தான் துணை.

மேடை ஏறினா. எங்க மலேசியாவுல கேமரன் மலைக் குளிர்தான் தெரியுமே. ராத்திரியில வாயத் தொறந்தாலே தொண்டைக்குள்ள பனி போய் உக்காந்துக்கும். முத அடி எடுக்க ஒரு நொடி தாமதமாச்சு. ஒரே ஒரு நொடிதான்.

ட்ராக் நிக்கல.

அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கு, புள்ள பின்னாலயே ஓடுறா. பல்லவியில பிடிச்சா. அனுபல்லவியில விட்டா. சரணம் வந்தப்ப மைக்கப் பிடிச்சுக்கிட்டுச் சும்மா நின்னுட்டா. வயலின் வருது, புல்லாங்குழல் வருது, தபேலா வருது. பாடுறதுக்கு ஆளில்லாமலே பாட்டு கடைசிவரைக்கும் ஓடி முடிஞ்சது. சனங்க பாவம், கை தட்டினாங்க. அவ எறங்கி சமையல் கொட்டகைக்குப் பின்னாடி போய் அழுதா.

வந்தவங்க போனவங்க எல்லாம் புத்தி சொன்னாங்க. "பயந்துட்ட பாப்பா." "இன்னும் நல்லாப் பழகணும்."

எனக்கு அங்கதான் சுர்ருன்னு ஏறிச்சு. புள்ள மேல என்ன தப்பு? ட்ராக்குக்குக் கண்ணு இல்ல. முன்னால நிக்கிறவ மூச்சு விட்டாளா, எச்சில் முழுங்கினாளா, எதுவும் அதுக்குத் தெரியாது. அந்த இடத்துல ஒரு பெட்டிக்காரர் மட்டும் உக்காந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சு நினைச்சுத்தான் தூக்கம் போச்சு.

அதனால இன்னைக்கு பெட்டிக்காரங்களப் பத்தித்தான் பேசப் போறேன். ஆர்மோனியப் பெட்டி. அதுலயும் நாடக மேடை ஆர்மோனியம்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி பங்குனி மாசத்துல மதுரைப் பக்கம் போயிருந்தேன். மேலூர் தாண்டி ஒரு கிராமம், எங்க பாட்டி வழிச் சொந்தம். கோயில் திருவிழாவுக்கு 'வள்ளி திருமணம்' நாடகம் போட்டிருந்தாங்க. ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சு, விடிஞ்சுதான் முடிஞ்சது.

இதுக்குப் பேரு ஸ்பெஷல் நாடகம். ஏன் ஸ்பெஷல்னா, இதுக்குக் கம்பெனி கிடையாது. ஸ்திரீபார்ட் ஒரு ஊர், ராஜபார்ட் ஒரு ஊர், பபூன் ஒரு ஊர், ஆர்மோனியம் இன்னொரு ஊர். ஒவ்வொருத்தரையும் தனித்தனியா 'ஸ்பெஷலா' புக் பண்ணுவாங்க. ஒத்திகையே கிடையாது. அன்னைக்கு சாயங்காலம் வந்து எறங்கி, முகத்துக்கு ரோஸ் பவுடர் அப்பும்போதுதான் யார் கூட நடிக்கப் போறோம்னே சில பேருக்குத் தெரியும். எல்லாருக்கும் பொதுவா இருக்கறது சங்கரதாஸ் சுவாமிகளோட நாடகம் ஒண்ணுதான். அவர் 1867ல பொறந்தார், 1922ல போயிட்டார். போய் நூறு வருஷத்துக்கு மேல ஆகியும் அவர் கட்டிக் குடுத்த பாட்டையும் வசனத்தையும் நம்பித்தான், முன்னப்பின்ன பழக்கமில்லாத நாலு பேரு ராத்திரி முழுக்க ஒரே மேடையில நிக்கிறாங்க. எனக்கு இத நினைச்சாலே மயிர்க்கூச்செறியும்.

மேடையில ஒரு ஓரமா வாத்தியக்காரங்க. மிருதங்கம், தாளம், சத்தம் காட்டறதுக்கு ஆல்ரவுண்டுன்னு ஒருத்தர். நடுவுல காலால மிதிச்சு வாசிக்கிற ஆர்மோனியம். அதுக்குப் பின்னால வெள்ளை வேட்டி, நெத்தி நிறைய விபூதி, தோள்ல துண்டோட ஒரு பெரியவர். பாத்தா பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி இருந்தார்.

ஆனா அந்த மனுசன் பண்ணின சேட்டை இருக்கே!

பபூன் டான்ஸ் எல்லாம் முடிஞ்சு நடுச்சாமம் தாண்டி வள்ளி வந்தா. தினைப்புனம் காக்கிற காட்சி. அந்தம்மாவுக்கு முப்பது வயசு இருக்கும். கணீர்னு குரல். பாட்டு எடுத்தவங்க ரெண்டு சொல்லு பாடினதும் சட்டுனு நிறுத்திட்டாங்க. திரும்பிப் பெட்டிக்காரரப் பாத்தாங்க.

"என்னண்ணே, பரண் மேல ஏறத்தான வந்தேன். நீங்க மலை உச்சிக்கே ஏத்துறீகளே?"

மனுசன் வேணும்னே அரைக் கட்டை ஏத்தி வாசிச்சிருக்கார்! அவர் முகத்துல ஒரு சலனம் இல்ல.

"எளசுதான தாயி. ஏறிருவ."

கூட்டம் ஓன்னு கத்துது. அந்தம்மா இடுப்புல கைய வச்சு அவர ஒரு மொறை மொறைச்சாங்க. "கொஞ்சம் கீழ எறங்குங்கண்ணே"ன்னு கேட்டாங்க. அவர் கேக்காத மாதிரி துண்டால விசிறிக்கிட்டார். சரின்னுட்டு, அவர் வச்ச அதே எடத்துலயே பாட்டப் பிடிச்சாங்க பாருங்க. பிடிச்சு, கடைசி அடியில ஒரு ஸ்வரத்த அப்படியே நிறுத்தினாங்க. நிக்கிது. நிக்கிது. நிக்கிது.

பெட்டிக்காரரும் விடல. கட்டைய அமுக்கிக்கிட்டே மிதிக்கிறார். யாரு முதல்ல விடப் போறாங்கன்னு சனம் மொத்தமும் மூச்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. திடீர்னு அவர் ரெண்டு கையையும் பெட்டியில இருந்து எடுத்துட்டார். பக்கத்துல இருந்த டீயை எடுத்து ஒரு வாய் குடிக்கிறார்! அந்தக் குரல் மட்டும் தனியா, எதுவும் தாங்காம, ராத்திரியில நிக்கிது. அதுக்கப்புறம் அந்தம்மா பல்லவிக்கு எறங்கின நொடி, சரியா அதே நொடி, ஒரு மயிரிழை முன்ன இல்ல பின்ன இல்ல, பெட்டி வந்து சேந்துக்கிச்சு.

அவர் கிளாஸ வச்சத நான் பாக்கல. கை எப்பப் பெட்டிக்கு வந்துச்சுன்னும் தெரியல. அவர் கண்ணு மட்டும் ஆரம்பத்துல இருந்து அந்தம்மா தொண்டைய விட்டு நகரவே இல்ல.

எனக்கு அந்த நிமிஷம் புரிஞ்சது. சேட்டை பண்றதுக்கு எவ்வளவு கவனம் வேணும்னு. கீழ விழ விடாம பிடிக்கத் தெரிஞ்சவருக்குத்தான் தள்ளி விட்டு விளையாட உரிமை இருக்கு.

அப்புறம் கிழவர் வேசத்துல முருகன் வந்தார். தள்ளாடித் தள்ளாடி நடக்கிறார். பெட்டியில கீழ் ஸ்வரத்த நடுங்க விட்டு, ஒவ்வொரு அடிக்கும் ஒரு முனகல் குடுக்கிறார் நம்ம ஆளு. கிழவர் வள்ளிகிட்ட நைசா நெருங்கினதும் ஒரு பழைய சினிமாக் காதல் பாட்டுல அரை வரி. வார்த்தை இல்லாம மெட்டு மட்டும்.

வள்ளி சீறிட்டாங்க. "அண்ணே! இது தினைப்புனம். டூரிங் டாக்கீஸ் இல்ல!"

"கெழவர் கேட்டாரு தாயி, நான் வாசிச்சேன்."

கிழவர் (அதாவது முருகன்!) பதறிப்போய், "நான் எங்கப்பா கேட்டேன்?"ங்கறார். கதையும் கதைக்கு வெளிய இருக்கறதும் கலந்துபோய், சனம் சிரிச்சுச் சிரிச்சு விழுது. பக்கத்துல உக்காந்திருந்த பாட்டி என் தொடையில ஓங்கித் தட்டித் தட்டிச் சிரிச்சாங்க. யாரோ, எவரோ. மறுநாளும் தொடை வலிச்சது.

இன்னொண்ணும் கவனிச்சேன். ராத்திரி முழுக்க அந்தம்மா அவர 'அண்ணே'ன்னுதான் கூப்பிட்டாங்க. முன்னாடி நூத்துக்கணக்கான ஆம்பளைங்க, பாதிப் பேரு போதையில. மேடையில தனியா ஒரு பொம்பளை. காதல் வசனம் பேசணும், ஆடணும். நாடகத்துல நடிக்கிற பொண்ணுங்கள ஊரு எப்படிப் பேசும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. கீழ இருந்து எவனோ ஒருத்தன் அசிங்கமா ஒரு வார்த்தை விட்டான். அந்தம்மா அவனத் திரும்பிப் பாக்கல. பெட்டிக்காரரப் பாத்து, "அண்ணே, தினைப்புனத்துக்குள்ள ஏதோ கத்துது, என்னன்னு பாருங்க"ன்னாங்க. அவர் உடனே பெட்டியில கழுதை கத்துற மாதிரி ரெண்டு ஸ்வரம் இழுத்தார். அதோட முடிஞ்சது. அதுக்கு மேல அவன் வாயே தொறக்கல.

அந்த 'அண்ணே' ஒரு வேலி. வேலிக்கு ஆளா அவர் உக்காந்திருந்தார்.

இப்ப கொஞ்சம் பெட்டியப் பத்தி. (இத விட்டா எனக்கு ஆறாது.)

ஆர்மோனியம் நம்ம ஊரு வாத்தியமே இல்லன்னு சொல்றவங்க சொல்றது சரிதான். 1842ல பாரிஸ்ல அலெக்சாந்தர் தெபெய்ன்னு ஒருத்தர் காப்புரிமை வாங்கின கருவி. அத கல்கத்தாவுல துவாரகநாத் கோஷ், தரையில உக்காந்து ஒரு கையால துருத்திய அமுக்கி மறு கையால வாசிக்கிற மாதிரி மாத்தினார். அது நாடு முழுக்கப் பரவிச்சு. ஆனா பெரிய வித்வான்களுக்கு இது மேல ஒரே வெறுப்பு. காரணம் இருக்கு. ஸ்வரம் எல்லாம் கட்டை கட்டையா நிக்கும். ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு வழுக்கிப் போக முடியாது. கமகம் வராது. அதனால 1940ல அகில இந்திய வானொலி இத மொத்தமா வெளிய தள்ளிடுச்சு. முப்பது வருஷத்துக்கு மேல! 1971லதான் கதவக் கொஞ்சம் தொறந்தாங்க.

ஆனா ஒண்ணு பாருங்க. இன்னைக்கும் யாரையாவது "எத்தனை கட்டையில பாடுவீங்க?"ன்னு கேக்கறோம்ல. அந்தக் கட்டை எது? இந்தப் பெட்டியோட கட்டைதான்! வெள்ளைக் கட்டை ஒண்ணு, ரெண்டு, மூணு. கறுப்புக் கட்டைன்னா அரை. ஒன்றரை, ரெண்டரை, நாலரை. வாத்தியத்த வாசல்ல நிறுத்திட்டாங்க, ஆனா குரலை அளக்க அதோட அளவுகோலத்தான் உள்ள வச்சிருக்காங்க. நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெட்டி மேல பாசம் கூடுது.

நாடகக்காரங்க மட்டும் அத விடவே இல்ல. மைக் இல்லாத காலம். கடைசி வரிசையில தரையில உக்காந்திருக்கறவனுக்கும் கேக்கணும். மேல் கட்டையில பாடணும், அந்த உயரத்துக்குத் தாங்கிப் பிடிக்க ஒரு சத்தமான துணை வேணும். செங்கோட்டை கிட்டப்பாவும் கொடுமுடி சுந்தராம்பாளும் அப்படி வளந்த குரல்கள்தான். 1926ல கொழும்பு மேடையில ஒண்ணாச் சேந்தாங்க, அடுத்த வருஷம் கல்யாணம். ரெண்டு பேரும் வள்ளி திருமணத்துல நின்னு போட்டி போட்டுப் பாடறதக் கேக்கத்தான் கூட்டம் அலைமோதுச்சு. கிட்டப்பா 1933ல, 27 வயசுல போயிட்டார். அதுக்கப்புறம் அந்தம்மா வெள்ளைச் சேலைதான். அந்த ரெண்டு குரலும் நடுச்சாமத்துல மோதிக்கும்போது நடுவுல உக்காந்து பெட்டிய மிதிச்சவங்களோட நிலைமைய நினைச்சுப் பாக்கறேன். எந்தப் பக்கம் சாயறது!

எங்க நாட்டுக்கும் இதுல பங்கு இருக்கு. பங்சாவான்னு மலாய்க்காரங்க இசை நாடகம். பார்சி நாடகக் கம்பெனிங்க இந்தியாவுல இருந்து கப்பலேறி வந்து பினாங்குல ஆடினதப் பாத்துப் பொறந்தது. 1885ல மாமாக் புஷிங்கறவர் பினாங்குல ஒரு பங்சாவான் கம்பெனி ஆரம்பிச்சார். (அதே 1885லதான் வில்லியம் கேமரன்ங்கற வெள்ளைக்காரர் எங்க மலைய அளக்க வந்தார்.) தமிழ் நாடகத்துத் திரைச்சீலையும் அதே பார்சிக்காரங்க கிட்ட இருந்து வந்ததுதான். பங்சாவான்லயும் ஆர்மோனியம் உண்டு, தபேலா உண்டு. காட்சிக்கும் காட்சிக்கும் நடுவுல, திரை மாத்துற நேரத்துல, முன்னால வந்து பாட்டும் கிண்டலுமா ஒரு துண்டு நடத்துவாங்க. நம்ம பபூனுக்கு அவங்க ஒண்ணு விட்ட அண்ணன் தம்பிங்க.

சரி, எங்க மலைக்கு வர்றேன்.

எங்க தாத்தா தேயிலைத் தோட்டத்துல ஃபேக்டரி வேலை. கொழுந்து வாட்டுற மாடியில. 1929ல போ தோட்டம் ஆரம்பிச்சதுல இருந்து இந்த மலைச் சரிவெல்லாம் காடழிச்சுத் தேயிலை நட்டதும் கொழுந்து பறிச்சதும் பெரும்பாலும் நம்ம சனம்தான். பாட்டி சொல்வாங்க, திருவிழா வந்தா பலகை அடுக்கி, சாக்குப் படுதா கட்டி, கேஸ் லைட்டுல டிராமா போடுவாங்களாம். பகல் முழுக்கக் கூடை சுமந்தவங்க, மண்வெட்டி பிடிச்சவங்க, ராத்திரி ராஜா ராணி. வள்ளி வேசம் கட்டினதும் ஒரு ஆம்பளைதான். மீசைய எடுக்க மாட்டேன்னு ஒரு வருஷம் அடம் பிடிச்சு, முந்தானையால வாய மூடிக்கிட்டே கடைசிவரைக்கும் பாடினாராம்.

தாத்தாதான் பெட்டி. வரி மறந்து முழிக்கிறவங்களுக்கு அந்த வரிய அவரே மெல்லப் பாடிக் குடுப்பாராம். அதுக்குத்தான் பின்பாட்டுன்னு பேரு. குடுத்துட்டு சும்மா இருக்க மாட்டார். அடுத்த அடியில, "கொழுந்து நிறுக்கும்போது மட்டும் கணக்கு மறக்காதே இவனுக்கு"ன்னு ராகத்தோட சேத்துப் பாடிடுவாராம். சனம் சிரிக்கும். மறந்தவனும் சிரிச்சுக்கிட்டே அடுத்த வரிக்குப் போயிடுவான். மறந்தது ஒரு பெரிய விசயமாவே ஆகாது.

பாருங்க, மறந்தவன் யாரும் கொட்டகைக்குப் பின்னாடி போய் அழல.

தாத்தாவோட பெட்டி எங்க வீட்டுலதான் இருக்கு. மேலூர்ல இருந்து வந்த கையோட எடுத்தேன். தொறந்தா ஒரே பூஞ்சை வாசம். இந்த மலை ஈரத்துக்கு மரம் ஊதிப்போய், அஞ்சாறு கட்டை அமுக்கினா அமுங்கின எடத்துலயே கெடக்கு. ஒரு கட்டை அமுக்காமலே கத்துது. (நாக்குல தூசி சிக்கியிருந்தா, இல்ல கட்டைக்குக் கீழ இருக்கற தக்கை சரியா மூடலன்னா அப்படித்தான் ஆகும்.)

முதல்ல வெயில்ல வச்சேன். அது தப்பு. பலகை வெடிக்கும், ஒட்டு விடும். அப்புறம் அரிசி மூட்டை கட்டி உள்ள போட்டேன். அரிசியே பூஞ்சை பிடிச்சது. கடைசியா கை குடுத்தது ஒரு பழைய அலமாரியும் உள்ள ஒரு சின்ன குண்டு பல்பும்தான். ராத்திரி முழுக்க எரிய விட்டா லேசான சூடு, ஈரம் அண்டாது. மூணு வாரத்துல கட்டைங்க எல்லாம் எழுந்திரிச்சு நின்னுச்சு. துருத்தியில ஓட்டை இருந்த எடத்துல மெல்லிசா தோல் ஒட்டினேன். பித்தளை நாக்கு ஒவ்வொண்ணையும் வெறும் காகிதத்த உள்ள விட்டுத் தூசி எடுத்தேன். ஈரத் துணி மட்டும் பக்கத்துலயே கொண்டு போகக் கூடாது.

இப்ப வீட்டுக்குள்ள ஓரளவு வாசிப்பேன். மூணு வருஷம் ஆச்சே.

இன்னைக்கு சாயங்காலம் அண்ணன் மகள வீட்டுக்குக் கூப்பிட்டேன். வந்தா. முகம் இன்னும் வீங்கித்தான் இருந்துச்சு.

"அத்தை, அந்தப் பாட்ட மட்டும் கேக்காதீங்க."

"கேக்கல. நான் வாசிக்கிறேன், நீ சும்மா உக்காரு."

நாலரைக் கட்டையில அதே பாட்டத்தான் ஆரம்பிச்சேன். பல்லவி வந்துச்சு. அவ பாடல. நான் அதே எடத்துல சுத்திச் சுத்தி வந்தேன், ஆறு தடவ, ஏழு தடவ. பெட்டிக்கு என்ன அவசரம்? எட்டாவது தடவ, தரையப் பாத்துக்கிட்டே மெல்ல எடுத்தா. எடுத்த உடனே நான் சேந்துக்கிட்டேன். நேத்து விட்ட அதே அனுபல்லவி வந்துச்சு. மூச்சு வாங்கினா. நான் ஒரே ஸ்வரத்துல நின்னேன், அவ மூச்சு வாங்கி முடிக்கிற வரைக்கும். தாண்டிட்டா.

சரணம் நல்லா சூடு பிடிச்சு, கண்ண மூடிப் பாடிக்கிட்டு இருக்கும்போது, திரும்பப் பல்லவிக்குப் போற எடத்துல சத்தமில்லாம அரைக் கட்டை ஏத்தி விட்டேன்.

கண்ண முழிச்சா பாருங்க!

"அத்தைய்ய்!"

நான் ஜன்னலுக்கு வெளிய தேயிலையப் பாத்துக்கிட்டு மிதிக்கிறேன். (எங்க பெட்டி கைப் பெட்டிதான், மிதிக்க முடியாது. சும்மா அந்தப் பெரியவர் மாதிரி காலத் தரையில தட்டிக்கிட்டு இருந்தேன்.)

அவ ஒரு நொடி யோசிச்சா. இடுப்புல கைய வச்சா. அதே அஞ்சு கட்டையில பல்லவியப் பிடிச்சு, கடைசி ஸ்வரத்துல நின்னா.

நிக்கிறா. இன்னும் நிக்கிறா. என்னப் பாத்துக்கிட்டே நிக்கிறா.

நான் பெட்டியில இருந்து கைய எடுத்து, ஆறிப்போயிருந்த தேத்தண்ணிய எட்டி எடுத்தேன்.